நான்கு நாள் சுற்றும் நவுக்ராத்திஸ் மல்லனின் சாவும்

போட்டியாளனின் உடலைத் திட்டமிட்டு வலுப்படுத்தும் கலை பண்டைக் கிரேக்கத்தில் எப்படி உருவாயிற்று என்று கேட்டால், எட்வர்டு நார்மன் கார்டினர் 1910இல் வெளியிட்ட கிரேக்க விளையாட்டு வரலாறும் 1930இல் எழுதிய பிந்தைய நூலும் சொன்ன விடையே இன்னும் பாடநூல்களில் மறுபிறவி எடுத்து வருகிறது. தொடக்கத்தில் கிரேக்க இளைஞன் இயல்பாக ஓடினான், மல்லுக்கு நின்றான், உழவு வேலையாலேயே உரம் பெற்றான். பிறகு பணமும் பரிசும் புகுந்தன. தொழில்முறைப் பயிற்சியாளர்கள் வந்தார்கள். உணவுக்கும் உறக்கத்துக்கும் பயிற்சிக்கும் விதிகள் பெருகின. அதோடு விளையாட்டு கெட்டது. இந்தச் சரிவுக் கதையின் கடைக்கோடியில் கார்டினர் நிறுத்துவது உரோமைப் பேரரசுக் காலத்து ‘தெத்ராஸ்’ எனும் நான்கு நாள் பயிற்சிச் சுற்றை. அவர் கண்ணில் அது உயிரற்ற இயந்திரத்தனம். வலுப்பயிற்சியின் வரலாற்றில் நம் கைக்கு எட்டிய முதல் தெளிவான பயிற்சித் திட்டம் அதுவே என்றும், அதைக் கண்டித்த பண்டை ஆசிரியரின் கண்டனத்தையே கார்டினர் பிழைபடப் படித்தார் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

கார்டினர் அப்படிப் படித்ததற்குக் காரணம் அவர் நின்ற இடம். அவர் இங்கிலாந்தின் பள்ளி ஆசிரியர். காசுக்கு ஆடாதவனே உண்மையான ஆட்டக்காரன் என்ற கொள்கை கோலோச்சிய காலத்தவர். ஹென்லி படகுப் போட்டியில் கைவினைஞரும் கூலித் தொழிலாளரும் கலந்துகொள்ளக் கூடாது என்று 1879இல் எழுத்திலேயே விதி செய்த நாடு அது. அந்தக் கண்ணாடி வழியே பார்த்தவருக்கு, முறையாகப் பயில்வதே ஏதோ குறுக்கு வழி போலத் தெரிந்தது. கிரேக்கர்கள் ஊதியம் பெறா ஆட்டக்காரர்கள் என்ற நம்பிக்கையை டேவிட் யங் 1984இல் வெளியான நூலில் தகர்த்துவிட்டார். பரிசுப் பொருளும் ஊர்தோறும் கிடைத்த வெகுமதியும் கிரேக்கரிடம் மிகப் பழைய காலத்திலிருந்தே இருந்தவை என்று அவர் காட்டியபின் சரிவுக் கதையின் அடித்தளம் ஆட்டம் கண்டது. ஆனால் தெத்ராஸ் பற்றிய தீர்ப்பு மட்டும் அசையவில்லை. அடித்தளம் போனபின் மேல்மாடி மட்டும் எதன்மேல் நிற்கிறது?

முதலில் கார்டினரின் ‘இயல்பான’ தொடக்க காலத்துக்குச் சான்றாக வைக்கப்படும் ஒரு கல்லைப் பார்க்க வேண்டும். ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் உள்ள அந்த மணற்கல்லின் எடை 143.5 கிலோ. ‘பிபோன் ஒரு கையால் என்னைத் தலைக்கு மேலே எறிந்தான்’ என்று கல்லே பேசுவது போல அதில் வெட்டப்பட்டிருக்கிறது. பிபோனின் தந்தை பெயரை வழக்கமாக ஃபோலா என்று படிக்கிறார்கள். எழுத்தமைதியைக் கொண்டு கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். அதற்கு மேல் நெருக்கிச் சொல்ல எதுவும் இல்லை. சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பலர் ‘தூக்கினான்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். கல்லில் உள்ள ‘ஹுபெரெபாலெதோ’வின் வேர் எறிதலைக் குறிப்பது. இதன் நுட்பம் தேரா தீவில் கிடைத்த இன்னொரு கல்லோடு வைத்துப் பார்த்தால் விளங்கும். சுமார் 480 கிலோ எடையுள்ள அந்த எரிமலைப் பாறை, கிரித்தோபூலோஸின் மகன் எயுமாஸ்தாஸ் தன்னைத் தரையிலிருந்து உயர்த்தினான் என்கிறது. அங்கே வந்திருப்பது உயர்த்துதலைக் குறிக்கும் வேறு வினை; ‘தரையிலிருந்து’ என்ற வரம்பும் கவனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. எவ்வளவு உயரம் என்று அந்தக் கல் சொல்லவில்லை; அசைத்ததே சாதனை. ஆக, எதை எந்த அளவுக்குச் செய்தால் செய்ததாகக் கொள்வது என்று இரு கற்களையும் வெட்டுவித்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பிபோன் இருகையாலும் கல்லைத் தோளுக்கு ஏற்றி, பிறகு ஒரு கையால் தலைக்கு மேலே தள்ளி விட்டிருக்கலாம் என்பது என் ஊகம். அந்த வினையோடு இது பொருந்துகிறது, நிறுவ முடியாது. நம்பவே முடியாத கதை என்று ஒதுக்கவும் இயலாது. ஜெர்மானியப் பலசாலி ஆர்தர் சாக்சன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கையால் 168 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்தியிருக்கிறார்; ஆனால் அவர் பிடித்தது கைக்கு அடங்கும் இரும்புத் தண்டு. கரடுமுரடான கல்லின் கணக்கு வேறு.

இந்தக் கற்கள் நமக்குத் தருவது வலுவின் காட்சி. அந்த வலு எப்படிச் சேர்ந்தது என்பதற்கு அவற்றில் ஒரு சொல்லும் கிடையாது. தினமும் கன்றைச் சுமந்து, அது காளையானபோதும் சுமந்த குரோத்தோன் ஊர் மீலோவின் கதையை இன்றைய பயிற்சி நூல்கள் முதல் பக்கத்தில் வைக்கின்றன. மீலோ கி.மு. 6ஆம் நூற்றாண்டினன், கன்று காளையான விவரத்தைச் சொல்லும் உரோமை ஆசிரியர் குவின்டிலியன் அவனுக்கு ஏறத்தாழ 600 ஆண்டு பிந்தியவர், அதுவும் சொல்வன்மைப் பாடத்தில் போகிற போக்கில் சொல்வது. இத்தனை பிந்திய ஒற்றை வரியின்மேல் ஒரு துறையின் தொடக்கத்தைக் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

தெத்ராஸின் நிலை வேறு. பிலோஸ்திராத்தோஸ் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுதிய பயிற்சிக் கலை நூலின் கைப்படியை மினொய்தேஸ் மினாஸ் 1844இல் கண்டெடுத்தார். யூலியுஸ் யூத்னர் 1909இல் விரிவான உரையுடன் பதிப்பித்தார். அந்நூல் விவரிக்கும் சுற்று நான்கு நாள். முதல் நாள் குறுகிய, விறுவிறுப்பான அசைவுகள். வரப்போகும் உழைப்புக்கு உடலை எழுப்பி வைப்பவை. இரண்டாம் நாள் முழு வீச்சு. உடலில் சேர்ந்திருக்கும் ஆற்றலை ஈவிரக்கமின்றிச் சோதிப்பது. மூன்றாம் நாள் தளர்த்தல். நான்காம் நாள் நடுத்தரம். எதிராளியின் பிடியிலிருந்து நழுவுவதும், நழுவுபவனை விடாமல் பற்றுவதும். மூன்றாம் நாளை விவரிக்கும் இடத்தில் சற்று நிற்க வேண்டும். அந்தத் தளர்த்தல் காரணத்தோடு கூடியது, இழந்த இயக்கத்தை மீட்பது என்கிறார் ஆசிரியர். சும்மா கிடப்பதற்கு யாரும் காரணம் கற்பிப்பதில்லை. ஓய்வையும் பயிற்சியின் ஓர் உறுப்பாக அளந்து வைத்த கை இங்கே தெரிகிறது. கடும் நாளுக்கு அடுத்த நாள் உடல் மீள வேண்டும், மீண்டபின் நுட்பம் பழக வேண்டும் என்ற வரிசையைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. போட்டியாளர்கள் பத்து மாதம் பயின்றதாக ஒலிம்பியாவில் உறுதிமொழி எடுத்தார்கள் என்கிறார் பண்டைப் பயண நூலாசிரியர் பாவுசானியாஸ். அந்தக் கால அளவில் இத்தகைய சுற்று ஏறத்தாழ 75 முறை சுழலும். அத்தனை முறை சுழலும் திட்டத்தில் ஓய்வுக்கு இடமில்லையென்றால் ஆள் தாங்கமாட்டான்.

ஆனால் பிலோஸ்திராத்தோஸ் இம்முறையைக் கண்டிக்கிறாரே என்பார்கள். கார்டினரின் முழு வலிமையும் இங்கேதான். கண்டிக்கிறார், உண்மை, எதற்காக என்பதே கேள்வி. சுற்றைச் சுற்றிக்கொண்டே போவதால், எதிரே நிற்கும் ஆளை அறியும் அறிவைப் பயிற்சிக் கலை இழந்துவிடுகிறது என்பது அவர் குறை. நேற்று என்ன உண்டான், எவ்வளவு குடித்தான், எதை மறைக்கிறான், மனத்தில் என்ன கவலை என்று பாராமல் இன்று இரண்டாம் நாள், ஆகவே முழு வீச்சு என்று சொல்வதே அவரைச் சுடுகிறது. எகிப்தின் நவுக்ராத்திஸ் ஊர் மல்லன் கெரெனோஸின் கதையை அவர் சொல்வது இதற்காகவே. ஒலிம்பியாவில் வென்ற கெரெனோஸ், வெற்றிக்குப் பின் மூன்றாம் நாள் நண்பர்களோடு குடித்து, பழகாத உணவை உண்டு, உறக்கம் கெட்டான். மறுநாள் பயிற்சிக்கூடத்துக்கு வந்து, உடம்பு சரியில்லை என்று தானே ஒப்புக்கொண்டான். பயிற்சியாளர் சினந்தார், சுற்றைக் குலைத்தாய் என்று கடிந்து பயிற்சியைத் தொடரவைத்தார். அதிலேயே அவன் உயிர் போயிற்று. ஏதென்ஸிலிருந்து எலெயுசிஸ் செல்லும் சாலையின் வலப்பக்கம் அவன் கல்லறை. அவன் வாய் திறக்காமல் இருந்திருந்தாலும் பயிற்சியாளர் கண்டுகொண்டு பயிற்சியை மாற்றியிருக்க வேண்டும் என்பது ஆசிரியரின் கருத்து. திட்டத்தைக் கையாளத் தெரியாதவன் மேல் வைத்த குற்றச்சாட்டு இது. இதைத் திட்டத்தின் மேலேயே ஏற்றிவிட்டார் கார்டினர். பிலோஸ்திராத்தோஸ் முறைக்கு எதிரியாக இருந்திருந்தால், கைப்பிடி எடைகளில் நீண்டவை தோளுக்கும் கைக்கும், உருண்டையானவை விரலுக்கும் வலுத் தரும் என்றும், தளர்த்தும் பயிற்சி நீங்கலாக மற்ற எல்லாப் பயிற்சிக்கும் அவை ஏற்றவை என்றும் அதே நூலில் வகுத்திருக்க மாட்டார்.

இன்னொரு எதிர்ப்பை எளிதில் தள்ள முடியாது. பிலோஸ்திராத்தோஸ் பயிற்சியாளர் அல்லர், நாவலர். பழங்கால வீரர்கள் முயலோடும் குதிரையோடும் ஓடியதையும், நக்சோஸின் குத்துச்சண்டைக்காரன் திசாந்த்ரோஸ் தீவின் முனைகளைச் சுற்றி நீந்தியதையும் பூரிப்போடு பேசும் ஏக்கம் அவரிடம் உண்டு. அந்த ஏக்கத்தைத்தான் கார்டினர் வரலாறாக எடுத்துக்கொண்டார். அப்படியிருக்க, தெத்ராஸ் விவரிப்பை மட்டும் நான் நம்புவது எப்படி? தமக்குப் பிடிக்காத ஒன்றை நாளுக்கு நாள் பிரித்து, அதன் நோக்கத்தோடு சொல்ல வேண்டிய தேவை நாவலருக்கு இல்லை. அந்த விளக்கம் பயிற்சிக்கூடத்தில் வழங்கிய சொல்லாகவே எனக்குப் படுகிறது. அவருக்கு முன்பே, 157 முதல் பெர்கமோன் வாள்வீரர்களுக்கு மருத்துவராயிருந்த காலென் பயிற்சிகளை வலுவுக்கானவை, வேகத்துக்கானவை, இரண்டும் கூடிய கடுமையானவை எனப் பிரித்ததோடு, உழைப்புக்குப் பின் உடலைத் தேய்த்து ஆற்றும் முறையையும் எழுதியிருக்கிறார். அளந்து பழக்கும் சிந்தனை அக்காலக் காற்றில் இருந்தது.

இதனால் சோவியத் அறிஞர் மத்வேயெவ் 1960களில் வகுத்த பருவவாரித் திட்டம் கிரேக்கரிடமே இருந்தது என்று சொல்லிவிடக் கூடாது. மாதக் கணக்கில் ஏறி இறங்கும் அலை தெத்ராஸில் இல்லை. எடை படிப்படியாகக் கூடியதற்கும் குறிப்பில்லை. அதன் பிறப்புக் காலமும் தீரவில்லை. நூலில் ஹெலிக்ஸ் என்ற மல்லனின் வெற்றிகள் பேசப்படுவதால் நூல் 213க்குப் பிந்தியது என்று மட்டும் கொள்ளலாம். சுற்று அப்போதே ஊறிப்போன வழக்கம் போல விவரிக்கப்படுகிறது. ஆகவே 2ஆம் நூற்றாண்டுக்காவது அதைக் கொண்டுசெல்ல விரும்புகிறேன். கெரெனோஸ் வென்ற ஆண்டு உறுதிப்பட்டால் கீழ் எல்லையாவது கிடைக்கும். 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி அந்த வெற்றியை வைப்பவர்களுக்கும் கையில் இருப்பது இந்த ஒரு பத்திதான்.