பந்தயத் திடலிலிருந்து பள்ளி மேசைக்கு: வளைகுடா நாடுகளில் எந்திரனியல் கல்வி

உணரி, மோட்டார், நிரல் ஆகிய மூன்றையும் இணைத்து, சூழலை அறிந்து அதற்கேற்ப இயங்கும் கருவிகளைப் படைக்கும் துறையே எந்திரனியல். இன்று வளைகுடா நாடுகளில் மாணவரை அறிவியலின்பால் ஈர்க்கும் வழியாக அது போற்றப்பட்டாலும், ரோபோவுக்கும் அங்கிருந்த சிறுவர்க்கும் ஏற்பட்ட முதல் குறிப்பிடத்தக்க தொடர்பு வகுப்பறையில் நிகழவில்லை. ஒட்டகப் பந்தயத் திடலில் நிகழ்ந்தது.

முதுகில் எடை குறைந்தால் ஒட்டகம் விரைந்தோடும் என்பதற்காகப் பாகிஸ்தான், வங்கதேசம், சூடான் முதலிய நாடுகளிலிருந்து சிறுவர்கள் கொண்டுவரப்பட்டு ஜாக்கிகளாக அமர்த்தப்பட்ட வழக்கத்தை ஐக்கிய அரபு அமீரகம் 2005-இல் சட்டத்தால் தடைசெய்தது. யுனிசெஃப் துணையுடன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் தாயகம் திரும்பினர். அதே காலத்தில் கத்தார், சிறுவர் ஜாக்கிகளுக்கு மாற்றாக, சுவிட்சர்லாந்தின் கே-டீம் நிறுவனத்தைக் கொண்டு ரோபோ ஜாக்கியை உருவாக்கியது. கனமாக இருந்த தொடக்கக் கால மாதிரிகளுக்கு, ஒட்டகம் மிரளாதிருக்க, மனிதச் சாயலும் ஜாக்கி உடையும் தரப்பட்டன. பின்னர், துளையிடும் கருவியின் மோட்டாரில் சாட்டையைப் பொருத்திய, சில கிலோ எடையே உள்ள எளிய வடிவம் பரவியது. உரிமையாளர் திடலை ஒட்டிக் காரில் விரைந்தபடியே ரிமோட்டை அழுத்திச் சாட்டையைச் சுழற்றுவார். கறாராகச் சொன்னால் அதனை ரோபோ என்பதே சற்று மிகை. முடிவெடுப்பவர் காரில் இருந்தார்.

முடிவெடுக்கும் பொறுப்பை நிரலிடம் ஒப்படைக்கும் பயிற்சி பள்ளிப் போட்டிகளின் வழியே வந்தது. 2004-இல் சிங்கப்பூரில் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாட் 2011-இல் அபுதாபியிலும் 2015-இல் தோஹாவிலும் நடைபெற்றது. இதன் அக்கால விதிமுறைகள் சற்று விரிவாக நோக்கத்தக்கவை. மாணவர்கள் ரோபோவை உதிரிகளாகப் பிரித்தே அரங்குக்குக் கொண்டுவர வேண்டும், வழிகாட்டும் தாளோ பயிற்சியாளரின் உதவியோ இன்றி, ஒதுக்கப்பட்ட நேரத்துக்குள் அதனை மீண்டும் பூட்ட வேண்டும், 25 செ.மீ. கனசதுரத்துக்குள் அது அடங்க வேண்டும். ஓட்டம் தொடங்கியபின் எவரும் அதனைத் தொடலாகாது. பள்ளியின் குழல்விளக்கு ஒளியில் கறுப்புக் கோட்டைப் பிசகாமல் பின்தொடர்ந்த கருவி, அரங்கின் வெளிச்சத்தில் நிற எல்லையைத் தவறாகக் கணித்துத் தடம் புரள்வதுண்டு. உணரி தருவது உண்மையன்று, அளவீடே என்பதும், அளவீட்டைச் சூழலுக்கேற்பச் சீர்செய்ய வேண்டும் என்பதும் அந்நேரத்தில் பதிவது போலப் பாடநூலால் பதிவதில்லை.

2019 அக்டோபரில் துபாயில் நடைபெற்ற ஃபர்ஸ்ட் குளோபல் சேலஞ்ச் வேறு வகையைச் சேர்ந்தது. அமெரிக்கப் பொறியாளர் டீன் கேமன் தோற்றுவித்த இப்போட்டி 2017-இல் வாஷிங்டனில் தொடங்கியது. துபாய்க்கு 190-ஐ ஒட்டிய நாடுகளிலிருந்து அணிகள் வந்தன. கடல் மாசே கருப்பொருள். மாசாக உருவகிக்கப்பட்ட பெரிதும் சிறிதுமான பந்துகளை ரோபோக்கள் அள்ளி அகற்ற வேண்டியிருந்தது. ஒரு நாட்டு அணி தனித்து ஆடாமல், வேறு நாட்டு அணிகளுடன் கூட்டணி சேர்ந்தே ஆடியது. முற்பகலில் எதிரணியாக இருந்தவர் பிற்பகலில் கூட்டாளி ஆகலாம் என்பதால், தம் ரோபோவின் குறைகளை மறைப்பதைவிடச் சொல்லிவிடுவதே பயன் தந்தது.

எனினும், பெருவிழாவை நடத்தும் ஆற்றலையே அறிவியல் ஆர்வத்தின் அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது. போட்டிக்கு வருவோர் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரே. மேலும், நெடுங்காலம் இத்துறையை ஆண்ட லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் போன்ற ஆயத்தப் பெட்டிகள் நுழைவை எளிதாக்கினாலும் மோட்டாரின் உள்ளியக்கத்தை மூடியே வைத்திருந்தன. அவ்வகையில், அந்தச் சாட்டைக் கருவியை அவிழ்த்துப் பார்க்கும் சிறுவன் மின்னியலைக் கூடுதலாகவே கற்கக்கூடும்.

விழாவிலிருந்து பாடத்திட்டத்துக்கு நகரும் முயற்சி அண்மையது. 2025 மே மாதம், தன் அரசுப் பள்ளிகளில் மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்புவரை, முடிவெடுக்கும் நிரலோடு நெருங்கிய தொடர்புடைய செயற்கை நுண்ணறிவு பாடமாகும் என அமீரகம் அறிவித்தது. அந்நாட்டில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் பயிலும் சிபிஎஸ்இ பள்ளிகளோ தனியார் பள்ளிகள் என்பதால் அந்த அறிவிப்புக்குள் வரவில்லை; சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் அப்பாடம் 2019-20 முதல் 9-ஆம் வகுப்பில் விருப்பப் பாடமாகவே நுழைந்தது.