சட்டத்துள் ஒரு வெற்றிடம்: பேராக் தோட்டத் தமிழரின் குடும்பப் படத்தொகுப்புகள்

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் நிருவாகப் பதிவேடுகள், தொழிற்சங்க அறிக்கைகள், நாளிதழ்கள் ஆகியவற்றைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. லயத்து வீட்டின் முன்சுவரில் தொங்கிய நிழற்படச் சட்டம் அதில் சான்றாகக் கொள்ளப்பட்டது அரிது. ஒரே கண்ணாடியின் கீழ்ச் சிறு படங்கள் பலவற்றை ஒட்டிக் குடும்பத்தார் தம் கையாலேயே அமைத்த தொகுப்பு அது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரித்தானிய நூலகத்தின் உதவியுடன், தமிழ்நாட்டு நிழற்பட நிலையங்களின் பழைய படங்களைத் திரட்டி எண்மப் படியாக்கியுள்ளனர். அப்படங்கள் நிலையத்தில் எடுக்கப்பட்டவை. நம் தோட்டங்களிலோ, எடுத்த படத்தைக் காட்டிலும் படங்களை அடுக்கிய முறையே மிகுதியாகப் பேசுகிறது.

இவ்வடிவம் தோன்றியதற்குக் காரணம் எளிது. குடும்பம் முழுவதும் ஒருசேர நகருக்குச் சென்று படமெடுப்பதாயின் அனைவர்க்கும் ஒருநாட் கூலி போகும். ஆகவே படங்கள் தனித்தனியே, வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தன. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே தொடங்கிய தேசியப் பதிவின்படி, 12 வயதும் அதற்கு மேலும் உடையோர் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை பெறவேண்டியதாயிற்று. பால்மரம் சீவிய பெண்களுட் பலருக்கு இதுவே முதற்படமாக இருந்திருக்கும் எனக் கருத இடமுண்டு. தொகுப்புகளின் நடுவே காணப்படும், நேரே நோக்கும் சிரிப்பற்ற முகங்களுக்கு இதுவே விளக்கம் எனலாம்.

2008ஆம் ஆண்டில் ஈப்போ, புந்தோங்கில் ஓர் இல்லத்தில் யான் கண்ட தொகுப்பு இங்கு நோக்கற்பாலது. சுங்கை சிப்புட் அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து 1980களில் வெளியேறிய குடும்பம் அது. 1950களில் மூத்த மகன் தன் தாய்க்குப் பரிசாக அத்தொகுப்பைச் செய்தளித்தார். தடித்த அட்டை, மரவள்ளிமாவுப் பசை, ரப்பர்ப் பெட்டிப் பலகையில் அறுத்த சட்டம், பதின்மூன்று படங்கள். அவருடைய தங்கையின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குப் பேத்தி அதனைப் பிரித்து, படங்களைப் பெரிதாக்கி, வண்ணப்படங்கள் சிலவும் சேர்த்துப் புதிய தொகுப்பொன்றைப் பரிசளித்தாள். அழகிய வேலைப்பாடுதான். மூதாட்டியார் நெடுநேரம் பார்த்துவிட்டு, “அது எங்கப்பாவுக்கு வுட்ட எடம்மா, நீ அடச்சிட்டியே” என்றார்.

பழைய தொகுப்பில் தாயின் வலப்பக்கம் ஒரு படத்தின் அளவிற்கு இடம் வெறுமையாக இருந்ததாம். தந்தையார் 1943இல் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதவர். அவர் முகம் எப்படத்திலும் இல்லை. மலாயாவிலிருந்து அப்பாதைக்குச் சென்ற தொழிலாளருட் பெரும்பான்மையோர் தமிழர். அடையாள அட்டைக்குரிய பதிவு வருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே அவர்கள் சென்றுவிட்டனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

நினைவு பிறழக்கூடும், வெற்றிடம் பின்னர் உதிர்ந்த படத்தினது எனவும் ஐயுறலாம். பிரிப்பதற்குமுன் பேத்தி சட்டத்தை முழுமையாகப் படமெடுத்து வைக்கவில்லை. எஞ்சியது அட்டை ஒன்றே. படங்கள் ஒட்டியிருந்த இடங்கள் பதின்மூன்றும் வெளிறி, பசையின் தடத்தோடு இருந்தன. தாயின் வலப்புறம் பசையின் தடமே இல்லை; ஒளிபட்டு அவ்விடம் ஓரங்களைப் போன்றே பழுத்திருந்தது. ஆகவே படம் உதிர்ந்த இடமன்று, படமே ஒட்டப்படாத இடம் அது. (இரு படங்கள் ஈரப்பதத்தால் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பிரிக்கையிற் கிழிந்தன. அட்டைச் சட்டகம் இட்டுக் கண்ணாடிக்கும் படத்திற்கும் இடைவெளி விட்டிருப்பின் இந்நிலை நேராது.)

அட்டையின் பின்புறத்தில் கரிக்கோலால் பெயர்கள் வரிசைப்படி எழுதப்பட்டுள்ளன. அம்மாவின் பெயரை அடுத்து, “அப்பா” எனவும் உண்டு. சென்ற முறை சென்றபோது பேத்தி அவ்வட்டையைப் புதிய சட்டத்தின் பின்னே வைத்து ஆணியடித்திருந்தாள்.