தமிழ்நாட்டில் வாடகைதாரரை வெளியேற்றும் சட்டமுறை

தமிழ்நாட்டில் வாடகைதாரரை வெளியேற்றும் சட்டமுறை கடந்த ஒரு நூற்றாண்டில் பலமுறை மாறியுள்ளது. வீட்டைக் காலி செய்யச் சொல்ல உரிமையாளரின் விருப்பம் மட்டும் போதுமா, சட்டம் ஏற்கும் காரணமும் வேண்டுமா என்பதே இம்மாற்றங்களின் மையக் கேள்வியாகும்.

பின்னணி

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, மாத வாடகைக்குக் குடியிருப்பவருக்கு 15 நாள் அறிவிப்புக் கொடுத்து வாடகை உறவை முடித்துக்கொள்ளலாம். இதற்குக் காரணம் கூறத் தேவையில்லை. வாடகைதாரர் அதன் பிறகும் வெளியேறாவிட்டால் உரிமையாளர் நீதிமன்றத்தை நாடலாம்.

சென்னையில் பிறருடைய மனையை வாடகைக்கு எடுத்து, அதில் சொந்தச் செலவில் வீடு கட்டிக்கொண்டவர்கள் பலர் இருந்தனர். மனையைக் காலி செய்ய நேர்ந்தால் இவர்கள் கட்டிய வீட்டையும் இழக்க நேரிட்டது. இவர்களைக் காக்க 1922ஆம் ஆண்டின் 3ஆம் சட்டமாகச் சென்னை மாநகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கட்டடத்துக்கு இழப்பீடு பெறவும், மனையை விலைக்குத் தரும்படி நீதிமன்றத்தில் கோரவும் இது வழிசெய்தது.

வாடகைக் கட்டுப்பாடு

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை ஏற்பட்டது. அரசு முதலில் அவசரகால ஆணைகள் மூலம் வாடகையைக் கட்டுப்படுத்தியது. பின்னர் 1946, 1949ஆம் ஆண்டுகளில் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவற்றின் தொடர்ச்சியாக வந்த 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் 2019 வரை நடைமுறையில் இருந்தது.

இச்சட்டப்படி, சட்டத்தில் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்றை நிறுவினால்தான் வாடகைதாரரை வெளியேற்ற முடியும். அவற்றுள் முக்கியமானவை:

- வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை
- எழுத்துமூல ஒப்புதலின்றி உள்வாடகைக்கு விடுதல்
- வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துதல்
- கட்டடத்துக்குச் சேதம் விளைவித்தல்
- அண்டை அயலாருக்குத் தொல்லை தருதல்
- உரிமையாளரின் சொந்தத் தேவை
- இடித்துக் கட்டுதல்

'வேண்டுமென்றே' என்ற சொல் பல வழக்குகளின் போக்கைத் தீர்மானித்தது. வாடகை பாக்கி வேண்டுமென்றே வைக்கப்பட்டதல்ல என்று வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி கருதினால், அதைச் செலுத்த 15 நாள் வரை அவகாசம் தந்து மனுவைத் தள்ளுபடி செய்யலாம். உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால், வாடகைதாரர் அதை அதிகாரியிடம் செலுத்தவும் வழி இருந்தது. சென்னையில் இவ்வழக்குகளைச் சிறு வழக்குகள் நீதிமன்றம் விசாரித்தது.

மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு இப்பாதுகாப்பு கிடையாது என்றிருந்த விதியை, 1986இல் உச்ச நீதிமன்றம் சமத்துவ உரிமைக்கு முரணானது எனக் கூறி நீக்கியது.

மேல்முறையீடு, சீராய்வு எனப் பல படிகள் இருந்ததால் வழக்குகள் நீண்டன. பழைய வாடகையிலேயே பல ஆண்டுகள் நீடித்தவர்களிடமிருந்து கட்டடத்தை மீட்க முடியவில்லை என உரிமையாளர்கள் குறைகூறினர்.

2017ஆம் ஆண்டின் சட்டம்

1960ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக, உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டின் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகை நிர்ணயிக்கும் முறை நீங்கி, வாடகை இருதரப்பு ஒப்பந்தத்துக்கு விடப்பட்டது. ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். வெளியேற்றக் கோரும் மனு வாடகை நீதிமன்றத்தில் தாக்கலாகும். மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்துக்குச் செல்லும்.

வாடகை பாக்கி, ஒப்புதலின்றிப் பிறருக்கு விடுதல், தவறான பயன்பாடு, சொந்தத் தேவை போன்ற காரணங்கள் தொடர்கின்றன. புதிதாக ஒரு காரணமும் சேர்ந்தது. வாய்மொழியாக நடந்துவந்த பழைய வாடகைகளை எழுத்துமூல ஒப்பந்தமாக மாற்றத் தவறினால், அதைக் காட்டியே வெளியேற்றக் கோரலாம்.

முக்கியத்துவம்

முந்தைய சட்டத்தில் எழுத்து ஒப்பந்தம் இல்லாதவரும், வாடகையை ஒழுங்காகச் செலுத்தி வந்தால் பாதுகாப்புப் பெற முடிந்தது. புதிய சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு பெரிதும் ஒப்பந்தத்தைச் சார்ந்தது. பல்லாண்டுகளாக வாய்ப்பேச்சின் பேரில் குடியிருந்தவர்களே இம்மாற்றத்தால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவர்கள்.

எனினும், இரண்டு சட்டங்களுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. வாடகைதாரரை வெளியேற்ற உரிமையாளர் தாமாகக் குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கக் கூடாது. உரிய மன்றத்தின் உத்தரவைப் பெற்றே வெளியேற்ற வேண்டும்.