ஸெர்மாட்டின் ஊருரிமை

பனிச்சறுக்குக்காக மலையூர் தேடுகிறவர்கள் சரிவுகளின் நீளத்தையும் விடுதிகளின் சௌகரியத்தையும் விசாரிக்கிறார்களே தவிர, பனி உருகியபின் அவ்வூரில் எத்தனை வீட்டில் அடுப்பெரிகிறது என்று விசாரிப்பவர் அபூர்வம். இக்கேள்விக்கு விடை தேடப் புகுவோருக்கு ஸ்விட்ஸர்லாந்தில், 4,478 மீட்டர் உயரமுள்ள மாட்டர்ஹார்ன் சிகரத்தின் அடிவாரத்து ஸெர்மாட்டின் சரித்திரம் மிகவும் சுவாரஸ்யமானது. விருந்தினனை உபசரிப்பது வேறு, அவனை ஊரானாக அங்கீகரிப்பது வேறு என்ற பேதத்தை அவ்வூரார் அத்தனை பிடிவாதமாகக் காத்து வந்தார்கள்.

ஆதியில் அது ரை தானியத்தையும் கால்நடைகளையும் நம்பிப் பிழைத்த குடியானவர்களின் கிராமம். அவர்களுடைய களஞ்சியங்கள் சில ஹின்டர்டார்ஃப் என்னும் பழைய பகுதியில் இன்னமும் நிற்கின்றன: குட்டையான மரக்கால்கள், ஒவ்வொரு காலின் தலையிலும் அகன்ற வட்டக் கல், அதன்மேல் வெயிலில் கறுத்த லார்ச் மரச்சுவர். கால்வழியே ஏறிவரும் எலி கல்லின் விளிம்பைத் தாண்ட வகையறியாமல் இறங்கிவிட வேண்டியதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அலெக்ஸாண்டர் ஸைலர் என்பவர் அங்கே வந்து, சிறியதொரு சத்திரத்தை ஏற்று, அதற்கு மாண்டே ரோஸா என்று பெயரிட்டு நடத்தலானார். 1865 ஜூலை 14ஆம் தேதி எட்வர்ட் விம்பரும் அறுவரும் மாட்டர்ஹார்னின் உச்சியை முதன்முதலாக எட்டி, இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் மாண்ட செய்தி ஐரோப்பா எங்கும் பரவவே, அந்தத் துர்மரணங்களே ஊருக்குப் பிரக்யாதியைத் தேடித் தந்தன; யாத்திரிகர் கூட்டம் பெருகிற்று, ஸைலரின் விடுதிகளும் பெருகின.

அவர் அயல்நாட்டாரல்லர், அதே வாலே மாகாணத்தின் கோம்ஸ் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். ஆயினும் 1871இல் அவர் ஊருரிமை கேட்டபோது, காட்டு மரத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் பரம்பரைப் பாத்தியதை உடைய குடும்பங்கள் மறுத்துவிட்டன. மறுத்ததோடு நில்லாமல், ஊர்ச்சபையார் தம்மவரின் கையுழைப்பைக் கொண்டே ஸெர்மாட்டர்ஹோஃப் என்ற பெரிய விடுதியை எழுப்பி 1879இல் திறந்தார்கள். வழக்கும் முறையீடுமாகக் காலம் கழிந்து, மேலிடத்து நிர்ப்பந்தத்தின் பேரில் 1889இல்தான் ஸைலருக்கு அவ்வுரிமை கிட்டிற்று; இரண்டே ஆண்டில், விஸ்ப்பிலிருந்து ரயில் வந்து சேர்ந்த 1891இல், அவர் காலமானார். தங்கள் ஊரைப் பிரபலப்படுத்தியவரையே பதினெட்டு வருஷம் வாசலில் நிறுத்தியது தர்மமன்று. ஆனால் அந்த இறுகிய பிடியினால்தான் காடும் மேய்ச்சலும் அந்த விடுதியும் ஊர்ச்சபையின் உடைமையாகவே நிலைத்தன என்று கருதுகிறேன். நியாயமற்ற காரியத்தினின்றும் நன்மை விளைவதுண்டு. அதனால் அந்தக் காரியம் நியாயமாகிவிடாது.

இத்தனைக்கும் அது கோடைகாலத்து ஊராகவே இருந்தது. இலையுதிர்ந்ததும் விடுதிகளின் கதவுகள் அடைபட்டுவிடும், பனிச்சரிவுக்கு அஞ்சி ரயிலும் மேல்வரை ஓடாது. ஸைலரின் புதல்வர் ஹெர்மன், 1927ஆம் வருஷக் குளிர்காலத்தில் ஆங்கிலேய விருந்தினரைக் குதிரை பூட்டிய பனிவண்டிகளில் ஏற்றி வரச்செய்து, விடுதியைத் திறந்துகாட்டினார். பிற்பாடு பாதையில் பனிகாப்புக் கூரைகள் அமைத்து, 1933 முதல் வருஷம் முழுவதும் ரயிலை ஓட்டலானார்கள். கோடையில் கயிறு கட்டிப் பிறரைச் சிகரத்துக்கு அழைத்துச் சென்ற வழிகாட்டிகளுக்கு, மார்கழியிலும் தை மாதத்திலும் சறுக்கப் பயிற்றுவிக்கும் இரண்டாவது ஜீவனோபாயம் ஏற்பட்டதும் அந்நாட்களிலேதான்.