தையல் மெஷின் கொடுத்தால் போதுமா? மாற்றுத்திறனாளிகளும் தொழில் மறுவாழ்வும்

ரமளானில் ஜகாத் நிதியிலிருந்து தையல் மெஷின் வழங்குவது நம் ஊர்களில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். மூன்று சக்கர வண்டி, வீல்சேர், காதுக் கருவி கொடுக்கும் ஜமாஅத்துகளும் உண்டு. நல்ல காரியங்கள்தாம். ஆனால் மெஷினை வாங்கிச் செல்பவருக்குத் தையல் தெரியுமா? கால் செயலிழந்தவர் என்றால் மிதியை மிதிக்க முடியுமா, மோட்டார் பொருத்த வேண்டுமா? தைத்த துணியை யார் வாங்குவார்கள்? மெஷின் கொடுக்கும் அன்று இதையெல்லாம் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. இவற்றைக் கேட்டு, விடை கண்டு, அவர் கைக்கு வருமானம் வரும்வரை உடன் நிற்பதற்குப் பெயர்தான் தொழில் மறுவாழ்வு. அதைச் செய்யவேண்டிய முதல் பொறுப்பு அரசுக்கு உரியது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம். நாடு முழுவதும் அவர்களில் ஏதேனும் ஒரு வேலையில் இருந்தவர்கள் சுமார் 36 சதவீதம் மட்டுமே. மீதிப் பேரில் சிறுவர்களும் முதியவர்களும் இருக்கிறார்கள் என்பது உண்மை. வேலை செய்யும் வயதில், செய்யும் ஆசையோடு வீட்டில் இருப்பவர்களும் அதே எண்ணிக்கைக்குள்தான் அடங்கியிருக்கிறார்கள்.

மத்திய தொழிலாளர் அமைச்சகம் இதற்கென்றே மையங்களை நடத்துகிறது. முன்பு தொழில் மறுவாழ்வு மையம் என்று அழைக்கப்பட்டவை, இப்போது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் என்று பெயர் மாறியிருக்கின்றன. சென்னையில் கிண்டியில் இருக்கிறது. அங்கே முதலில் நடப்பது மதிப்பீடு. வருபவரின் உடல்நிலை, கைத்திறன், ஆர்வம், படிப்பு எல்லாவற்றையும் பார்த்து எந்த வேலை பொருந்தும் என்று முடிவு செய்கிறார்கள். அதன் பிறகு பயிற்சி, வேலைக்குப் பரிந்துரை, சுயதொழில் என்றால் கடனுக்கு வழிகாட்டுதல். முறை சரியானது. எண்ணிக்கைதான் போதாது. இவ்வளவு பெரிய நாட்டுக்கு இத்தகைய மையங்கள் இருபதைச் சற்றே தாண்டும். கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ இருக்கும் பார்வையற்ற பெண்ணைத் துணைக்கு ஆள் இல்லாமல், தங்க இடம் உறுதியில்லாமல், எந்தத் தாய் கிண்டிக்கு அனுப்புவார்? பெண் பிள்ளைகள் பயிற்சிக்கு வராததற்குக் குடும்பத்தின் கட்டுப்பாட்டை மட்டும் குறை சொல்வது எளிது. பக்கத்து ஊரில் மையம் இருந்தால் அனுப்புவார்களா என்று பார்த்துவிட்டு அதைச் சொல்லலாம்.

சட்டத்தில் குறையில்லை. 2016இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பழைய 1995 சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக உயர்த்தியது. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீட்டைப் பற்றிப் பலரும் அறிவார்கள். 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கு அது உண்டு. ஆனால் நம் வீடுகளில் அதிகம் பேசப்படாதது 19ஆம் பிரிவு. பொதுவான எல்லாத் தொழிற்பயிற்சித் திட்டங்களிலும் மாற்றுத்திறனாளிகளைச் சேர்க்க வேண்டும், பயிற்சி பெறத் தேவையான வசதிகளைச் செய்து தர வேண்டும், குறைந்த வட்டியில் கடன் தர வேண்டும், அவர்கள் தயாரிக்கும் பொருளுக்குச் சந்தை ஏற்படுத்த வேண்டும் என்கிறது அது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சந்தையோடு நேரடித் தொடர்புள்ள தனிப் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. மெழுகுவத்தியும் காகிதப் பையும் செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டு, விற்பனையைப் பெற்றோர் தலையில் கட்டும் பயிற்சிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு வரியின் அருமை புரியும். இன்னொன்றும் இதே பிரிவில் இருக்கிறது. பயிற்சியிலும் சுயதொழிலிலும் மாற்றுத்திறனாளிகள் அடைந்த முன்னேற்றத்தைத் தனியாகக் கணக்கெடுத்து வைத்திருக்க வேண்டும்.

வேலையில் இருக்கும்போது விபத்தாலோ நோயாலோ பாதிக்கப்படுபவர்களின் குடும்பங்கள் 20ஆம் பிரிவைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அரசு ஊழியர் பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனால் அவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாது என்றால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படி ஒரு இடம் இல்லையென்றால், பொருத்தமான பணி கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை கூடுதல் பணியிடம் உருவாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். இது தெரியாமல், “நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்ற பேச்சைக் கேட்டு விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு மீட்பது கடினம். தனியார் நிறுவனங்களுக்கு இத்தனை கட்டாயம் இல்லை. 5 சதவீதப் பணியாளர்களாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி ஊக்கச் சலுகை தர வேண்டும் என்ற அளவில் சட்டம் நின்றுவிடுகிறது.

குடும்பமாக நாம் செய்யக்கூடியவை சில. யுடிஐடி எனப்படும் தேசிய அடையாள அட்டையை எடுத்துவிடுங்கள், அது இல்லாமல் எந்தக் கதவும் எளிதில் திறக்காது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மாற்றுத்திறனாளி என்ற குறிப்போடு பதிவு செய்யுங்கள். சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளிகள் அதில் சிறப்புப் பிரிவில் வருவதால் மானியம் நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம். விண்ணப்பம் நகராமல் கிடந்தால் திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்பலாம். விசாரணையில் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு.

மாவட்டந்தோறும் மையம் வேண்டும் என்ற கோரிக்கையைத் தனி ஒரு தாய் எழுப்பினால் மனு கோப்பில் தங்கிவிடும். ஜமாஅத் நிர்வாகமும் ஊர் நலச்சங்கமும் சேர்ந்து எழுப்ப வேண்டும். அதற்கு முன் கணக்கு கையில் இருப்பது நல்லது. தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மாவட்டத்தின் அரசு ஐ.டி.ஐ.க்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் ஒவ்வொரு மனு போடுங்கள். கடந்த 3 ஆண்டுகளில் தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர், பயிற்சியை முடித்தவர்கள் எத்தனை பேர், இன்று வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும்.