டயர்க் கம்பெனி தந்த நட்சத்திரம்

மேனாட்டுச் சமையற்கலைஞர் பெரிதும் விரும்பும் விருது எதுவெனில், ‘மிஷ்லின் நட்சத்திரம்’ என்பர். அதனை வழங்குவது சமையற்கலைக் கழகமும் அன்று, சர்க்காரும் அன்று. மோட்டார் வண்டிகளுக்கு டயர் செய்யும் ஒரு கம்பெனி! ரப்பருக்கும் ரசத்திற்கும் ஏற்பட்ட இவ்வுறவின் வரலாற்றை அன்பர்களுக்குச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

ஆந்த்ரே, எத்வார் மிஷ்லின் என்னும் சகோதரர் இருவர் பிரான்சு நாட்டின் கிளெர்மோன் பெரான் நகரில் 1889-ஆம் ஆண்டில் இக்கம்பெனியை நிறுவினர். 1900-ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஓடிய மோட்டார் வண்டிகள் 3,000-க்கும் குறைவு. வண்டி ஓடினாலன்றோ டயர் தேயும்? தேய்ந்தாலன்றோ புதியது விற்கும்? ஆனால் வெளியூர் செல்வோர்க்குப் பெட்ரோல் எங்குக் கிடைக்கும், எங்குத் தங்கலாம் என்பது தெரியாது. ரயில் பிரயாணிக்குக் கால அட்டவணை உண்டு. மோட்டார்ப் பிரயாணிக்கு யாதொரு துணையும் இல்லை. இக்குறை நீங்கச் சகோதரர்கள் ஒரு கையடக்க நூலை அச்சிட்டனர். ஊர்ப் படங்கள், டயர் மாற்றும் முறை, பழுது பார்ப்போர், விடுதிகள் ஆகிய விவரங்கள் அதில் அடங்கியிருந்தன. ஏறத்தாழ 35,000 பிரதிகள் இனாமாகவே வழங்கப்பட்டன.

பின்னர் ஒரு நாள், டயர்க் கடை ஒன்றிற்குச் சென்ற ஆந்த்ரே, தம் நூற்பிரதிகள் வேலைமேசைக்கு முட்டுக் கொடுக்கப்பட்டிருக்கக் கண்டாராம். காசு கொடுத்து வாங்கியதையே மனிதன் மதிக்கின்றான் என்று உணர்ந்து, 1920-ஆம் ஆண்டில் 7 பிராங்கு விலை வைத்தார்.

விலை மட்டும் மதிப்பைத் தந்துவிடவில்லை. காசு பெற்று வெளியிட்ட விளம்பரங்கள் நீக்கப்பட்டன. தம்மை இன்னாரென்று காட்டிக்கொள்ளாமல் உண்டு பார்த்து மதிப்பிடும் சோதனையாளர்கள் அமர்த்தப்பட்டனர். 1926-இல் நட்சத்திரம் பிறந்தது. 1931-இல் இரண்டும் மூன்றும் சேர்ந்தன. மூன்று நட்சத்திரத்தின் பொருள், ‘அதற்கெனவே பயணம் செய்து சென்று உண்ணத்தக்கது’ என்பதாம். பயணம் செய்தால் டயர் தேயும் அல்லவா! பக்கத் தொழில் மூலத் தொழிலை மறக்கவில்லை.

1944-இல் நேச நாட்டுப் படைகள் பிரான்சில் இறங்கியபோது, ஊர்ப் படங்களுக்காக இந்நூலின் 1939-ஆம் ஆண்டுப் பதிப்பே மறுபடி அச்சிடப்பட்டுப் படையினர்க்கு வழங்கப்பட்டது.

இதனை நாம் எழுதக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் சங்க மலர், நம் காலனி வீடொன்றில் ஆடும் மேசைக்கு முட்டாக இருக்கக் கண்டோம். அதில் நமது கட்டுரையும் இருந்தது. வீட்டார் அன்புடன் அளித்த காபியை அருந்திவிட்டு, ஒன்றும் கூறாது திரும்பினோம்.

மலருக்கு விலை வைப்பதா என்பதைச் செயற்குழுவினர் முடிவு செய்யட்டும். எடுத்து வைத்துப் படிக்கத் தக்கதாக அதனை ஆக்குவது எழுதுவோராகிய நம் கடன். இங்கேயே பிறந்து, பள்ளியில் வேற்று மொழி பயிலும் நம் குழந்தைகள் எழுத்துக் கூட்டிப் படிக்க, பல வீடுகளில் இம்மலரையன்றி வேறு தமிழ் நூல் இல்லை. பிழைப்பை நாடி இவ்வூருக்கு வந்த நமக்குச் சங்கப் பணி பக்கத் தொழிலே. எனினும், நம் உத்தியோகம் ஓய்வு பெறும் நாளோடு முடிந்துவிடும். குழந்தைகள் கற்ற தமிழ் அவர்களோடு நிற்கும்.