தற்குறிப்பேற்றமும் ஹுஸ்னுத் தஃலீலும்

காஞ்சியைத் தழுவி வரும் வேகவதி, பழையசீவரத்தருகே பாலாற்றில் கலக்கிறது. இது இயல்பான நிகழ்ச்சி. காஞ்சியின் செய்தியைச் சொல்லவே அது விரைகிறது என்று ஒரு புலவர் பாடினால், அது தற்குறிப்பேற்ற அணியாகும். அக்காஞ்சியில் ஏறத்தாழ கி.பி. 700இல் வாழ்ந்த தண்டி, வடமொழிக் காவியாதர்சத்தில் இதனை விளக்கினார். 12ஆம் நூற்றாண்டுத் தண்டியலங்காரம் அதைத் தமிழுக்குத் தந்தது.

இன்று மாணவர்க்கு இவ்வணியை ஆங்கிலத்தின் 'பெர்சானிஃபிகேஷன்' என்று சொல்லிக் கடந்துவிடுவோர் பலர். அது பொருந்தாது. கோவலனை வரவேண்டாமென்று தடுக்கவே மதுரைக் கொடிகள் அசைந்தன என்று சிலப்பதிகாரம் கூறுமிடத்தில், கொடிக்கு உயிரூட்டுவது துணைச்செயலே. கற்பித்த காரணம்தான் அணி.

அறபு பலாகாவில் இதற்கு மிக நெருங்கிய பெயர் உண்டு: ஹுஸ்னுத் தஃலீல், அதாவது அழகிய காரணங்காட்டல். ஜவ்ஸா விண்மீன் கூட்டம் இடைக்கச்சை கட்டியிருப்பது தலைவனுக்கு ஊழியம் செய்யவே என்பது மத்ரஸாக்களில் பழகிய உதாரணம். ஹிஜ்ரி 471இல் (1078) மறைந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானீ, அஸ்ராருல் பலாகாவில் இத்தகைய கற்பனைக் காரணங்களை 'தக்யீல்' என்று பெயரிட்டு, சலிப்பின்றி ஆராய்கிறார்.

ஆங்கிலத்திலோ, இயற்கையின்மீது மனித உணர்வை ஏற்றுவதற்கு 1856இல் ரஸ்கின் சூட்டிய பெயரிலேயே 'பிழை' என்ற சொல் இருக்கிறது.